ஒன்பதுக்கு அப்புறம்

ஜனவரி 9

அத்தானுக்கு,

கடிதம் அக்கா கையில் சிக்கினால் பிரிக்காமலே குப்பைக்குப் போய்விடும் என்பதால் உறையில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் உங்களுக்கு வந்ததை அவள் தூக்கிப் போடமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை.

வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று நம் கம்பெனி மேஸ்திரி சொன்னார். இடுப்பில் தகடு வைத்து ஆறு திருகாணி போட்டிருக்கிறார்களாமே. ஆறா அத்தான்? நான் வேறு யாரைக் கேட்பது?

இங்கே ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பெட்டிகளில் விலாசச் சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரோடும் சேர்ந்து எதையும் தூக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டுத்தான் சேர்ந்தேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக நாம் இருவரும் ஊரார் வீட்டுச் சாமான்களை மாடிக்கு மாடி ஏற்றியிருக்கிறோம். நீங்கள் கீழ்ப்பிடி, நான் மேல்பிடி. பீரோ முகத்தை மறைப்பதால் உங்களுக்குப் படி தெரியாது. நான் எண்ணைச் சொல்வேன், சொன்ன பிறகுதான் இருவரும் காலைத் தூக்குவோம். நவம்பரில் நீங்கள் விழுந்த அந்த மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒன்பது சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்து பீரோவை என் பக்கம் இழுத்ததும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் பத்து சொன்னேனா என்பதுதான் ஞாபகமே இல்லை. சொல்லாமல் இழுத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியானால் அப்படித்தான் இருக்கும். நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்காது. "இனிமே என் முகத்துலயே முழிக்காத"ன்னு சொன்னாள். அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அந்த ஒரு முகம்தான். நேரம் பார்த்து என் பேச்சை எடுங்கள் அத்தான். ஒரே ஒரு தடவை போனை எடுத்தால் போதும்.

உங்கள்
மச்சான்


ஜனவரி 21

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. உன் அக்கா அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிவந்து என் மடியில் போட்டாள். படித்தேன்.

ஆறு இல்லை, ஏழு திருகாணி. உனக்கும் எண்ணிக்கைக்கும்தான் ஆகாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் பண்ணாதே. நேற்றும் பண்ணியிருக்கிறாய். உன் குரல் காதில் விழுந்தால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் வருகிறது. எழுத வேண்டுமென்றால் எழுது. காகிதம் கத்தாது.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். கேள். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள். உன்னைவிடச் சின்னவள், அதட்டலில் மேஸ்திரியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். சுவரோரம் நிற்க வைத்து, ஒரு கையில் கனத்தைக் கொடுத்து, நின்ற இடத்திலேயே நட என்கிறாள். முழங்கால் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். அங்கே இரண்டு விநாடி நிறுத்த வேண்டும். மெதுவாக இறக்க வேண்டும். அப்புறம் மறு கால். கனம் ஒரு பக்கமாக இழுக்கும், உடம்பு அந்தப் பக்கம் சாயக்கூடாது. ஒரு காலுக்குப் பத்து, மொத்தம் இருபது. இடுப்புக்குப் பலமாம், நிதானமாம். பட்டாளத்தான் மாதிரி அணிவகுக்கிறேன், ஆனால் ஒரு அடி நகரவில்லை.

கனத்துக்கு மூன்று கிலோ வேண்டும் என்றாள். உன் அக்கா நம் பழைய தள்ளுவண்டியின் கழன்ற சக்கரத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆளுயர இரும்புப் பெட்டியை ஐந்து மாடி ஏற்றியவன், மூன்று கிலோ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்கிறேன். நாலாவது தூக்கலிலேயே இடது கால் நடுங்குகிறது.

பத்தை விழுங்கியது நீ. நடுங்குவது நான்.

அக்காவிடம் உன் பேச்சை எடுக்கச் சொல்லாதே.

அத்தான்


பிப்ரவரி 1

அத்தானுக்கு,

பதில் போட்டதற்கு நன்றி. திட்டத்தான் போட்டீர்கள் என்றாலும் நாலு தடவை படித்தேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்து நானும் அந்த நடையைச் செய்து பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். என் அறை சின்னது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். நின்ற இடத்திலேயே நடப்பதற்கு அது போதும். கனத்துக்கு ஒட்டு நாடாச் சுருள்களைப் பையில் போட்டு, கிடங்குத் தராசில் நிறுத்து, சரியாக மூன்று கிலோ ஆக்கினேன். காலையில் வேலைக்குப் போகும் முன் இருபது. இடுப்பு நன்றாக இருக்கிற எனக்கே பதினைந்துக்கு மேல் தொடை எரிகிறது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் கனத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

ஒன்று கண்டுபிடித்தேன், உங்களுக்கு உதவுமா தெரியாது. எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே செய்தால் ஆட்டம் குறைகிறது. என் சுவரில் ஒரு ஆணி ஓட்டை இருக்கிறது. உங்கள் கூடத்தில் நாட்காட்டி மாட்டிய ஆணி இருக்குமே.

நான் எண்ணுவதில்லை. எண்ண ஆரம்பித்தால் ஒன்பதில் போய் நின்றுவிடுகிறது. அதனால் சுருளிலிருந்து இருபது துண்டு நாடாவைக் கிழித்துக் கட்டில் சட்டத்தில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாகப் பிய்த்துப் போடுகிறேன். நம் ஆட்கள் என்னைக் கடிகாரம் என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போது பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

உங்களுக்கு யார் எண்ணுகிறார்கள்? அக்காவா?

உங்கள்
மச்சான்


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

ஆமாம், உன் அக்காதான் எண்ணுகிறாள்.

ஒரு துண்டை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பின்னால் இருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். நான் சாய்ந்தால் இழுத்து நிறுத்துவாள். இழுக்கும்போது திட்டுவாள். திட்டு எனக்கில்லை, உனக்கு. "அவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா"ன்னு ஆரம்பித்தால் இருபது முடிகிற வரைக்கும் ஓயாது. நடுநடுவே எண்ணும் வரும்.

உங்கள் இருவருக்கும் குரல் ஒன்று என்பதை எட்டு வருடத்தில் நான் கவனித்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்து எண்ணும்போது அது நீதான். ஏழு, எட்டு, ஒன்பது வரைக்கும் கால் போகிறது. அவள் பத்து சொன்னால் கால் எழ மறுக்கிறது. தெரபிக்காரப் பெண் அதையும் கவனித்துவிட்டாள். "ஏன் சார், பத்துல என்ன பிரச்சன உங்களுக்கு?"ன்னு கேட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சம் அதிகமாகவே கவனிக்கிறாள். போன வாரம் இடது பக்க இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தச் சதை மூணு மாசத்துல இவ்வளவு வத்தாது. விழுறதுக்கு முன்னாடியே இந்தக் கால் சொன்ன பேச்சு கேக்காம இருந்துச்சா?"ன்னு கேட்டாள். இல்லை என்றேன். உன் அக்கா பின்னாலிருந்து, யாரும் கேட்காமலே, "ஒரு வருஷமா இவரு உக்காந்துதானே பேன்ட் போடுறாரு"ன்னு சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் துண்டைத் தளர்த்தி மறுபடி பிடித்தாள். அன்றைக்கு உன்னைத் திட்டவில்லை.

நாட்காட்டி ஆணியைப் பார்த்துச் செய்கிறேன். ஆட்டம் குறைந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நீ எதற்கு இந்தக் கூத்தெல்லாம் செய்கிறாய்? உன் இடுப்புக்கு என்ன கேடு? நிறுத்து.

அத்தான்


பிப்ரவரி 26

அத்தானுக்கு,

நிறுத்தவில்லை. மன்னித்துவிடுங்கள். காலையில் அதைச் செய்யாவிட்டால் நாள் முழுக்க ஏதோ பாக்கி வைத்தது போல இருக்கிறது.

இங்கே நேற்று ஒன்று நடந்தது. லாரியிலிருந்து ஒரு மர அலமாரி இறக்க ஆள் போதவில்லை. கிடங்குக்காரர் என்னைக் கூப்பிட்டு மேல்பிடி பிடிக்கச் சொன்னார். மறுத்தேன், விடவில்லை. நாலே படிதான். கீழே இருந்தவர் நல்ல மனிதர், "நீ சொல்லு தம்பி, நான் எடுக்கிறேன்"ன்னு சொன்னார். வாயைத் திறந்தேன். ஒன்று கூட வரவில்லை அத்தான். அவர் அலமாரிக்கு அந்தப் பக்கம், படி தெரியாமல், "சொல்லு, சொல்லு"ன்னு கத்துகிறார். கடைசியில் வேறு ஆள் வந்து என்னைத் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத் தெரிந்தது, அதை எழுத வேண்டாம்.

இதோடு தனியாக மடித்த காகிதம் அக்காவுக்கு. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையதுதான், ஏன் எப்படி என்று இனி காரணம் சொல்ல மாட்டேன், வாசலில் நின்றாவது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருக்கிறேன். அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது கொடுங்கள்.

மச்சான்


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவுக்கு எழுதியதை நான் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு வாரம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் முன்னால் நின்றேன். கையில் எதுவும் இல்லாமல், எதையும் பிடிக்காமல், இடது காலில் பத்து விநாடி நிற்க வேண்டும். நின்றால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஆறாவது விநாடியிலேயே தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டேன். மேஸ்திரி வெளியே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் போய் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

எழுத வேண்டியது இது இல்லை. சுற்றி வளைக்கிறேன், உன்னைப் போலவே.

நீ பத்து சொன்னாய்.

தெளிவாகச் சொன்னாய். அந்தப் படிக்கட்டில் சத்தம் இரண்டு தடவை கேட்டது, உன் வாயிலிருந்து ஒரு தடவை, மேல் சுவரிலிருந்து ஒரு தடவை. நீ சொல்லி, நிறுத்தி, பிறகுதான் இழுத்தாய். இடது காலைத் தூக்கப் பார்த்தேன். எழவில்லை. அதற்கு முன்னாலும் பல தடவை எழாமல் இருந்திருக்கிறது, அப்போதெல்லாம் கையில் சின்னச் சாமானாக இருந்தது, சமாளித்தேன். ஒரு வருடமாக அந்த இடுப்பில் வலி. போன ஆகஸ்டில் உன் அக்கா அழுது அடம்பிடித்து டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். போகிறேன் என்று கிளம்பி, டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்லன்னுட்டாரு"ன்னு சொன்னேன். தெரிந்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். ஐம்பத்திரண்டு வயதில் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

ஆம்புலன்சில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க, எப்படி விழுந்தீங்க?"ன்னு கேட்டாள். இடுப்பு என்று சொன்னால் டீக்கடை வெளியே வரும். உன் பெயர் வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு நாலு மாதம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

போன் பண்ணாதே என்றேனே, அது உன் மேல் கோபத்தில் இல்லை. உன் குரலைக் கேட்டால் அந்தப் பத்து கேட்கிறது.

ஒன்று கேட்கிறேன். இது உனக்கும் எனக்கும் இடையிலேயே இருக்கட்டும். இப்போதைக்கு அவளிடம் சொல்லிவிடாதே. அவள் துண்டைப் பிடிக்காவிட்டால் நான் நிற்க மாட்டேன்.

அத்தான்


மார்ச் 24

அத்தானுக்கு,

யாரிடம் சொல்லப்போகிறேன்? அவள்தான் போனை எடுப்பதில்லையே.

நவம்பரிலிருந்து நான் அந்த ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது, சீட்டு ஒட்டும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. ஒன்பது, இழுத்தது. ஒன்பது, இழுத்தது. நடுவில் ஒன்றும் இல்லை என்று முடிவு பண்ணி, அதைத் தலையில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். இப்போது நீங்கள் வந்து அங்கே ஒரு பத்து இருந்தது என்கிறீர்கள். எனக்கு இன்னும் கேட்கவில்லை அத்தான். உங்களுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. இனிமேல் கேட்கும் என்றும் தோன்றவில்லை.

நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தானே என் எண்ணிக்கையைக் கிண்டல் பண்ணி எழுதினீர்கள்? ஏழு திருகாணி என்று?

நீங்கள் சொல்லுங்கள், சொல்லாமல் இருங்கள். நான் கெஞ்ச மாட்டேன். அக்காவுக்கு எழுதியதைக் கிழித்துவிடுங்கள். அதில் இருப்பது பொய்.


ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருந்தாய். போடத் தகுதியில்லாத கடிதம் என்னுடையதுதான்.

சொல்லிவிட்டேன்.

போன வாரம் சனிக்கிழமை காலை, பயிற்சியின்போதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை, அவள் பின்னால் நிற்பது வசதியாக இருந்தது. அவள் ஒன்பது என்றாள். நான் காலைக் கீழே வைத்துவிட்டு, ஆணியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட், டீக்கடை, படிக்கட்டு, ஆம்புலன்ஸ். துண்டு இறுகிக்கொண்டே போனது, அப்புறம் தளர்ந்தது. என்னைக் கீழே விட்டுவிடவில்லை. ஒரு நாற்காலியைக் காலால் இழுத்து எனக்குப் பின்னால் போட்டுவிட்டு, துண்டை உருவி, நாலாக மடித்து, கொடியில் போட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

சாப்பாடு போடுகிறாள். மாத்திரை எடுத்து வைக்கிறாள். பேச்சு இல்லை. எண்ணுவதும் இல்லை. நான் சுவரைத் தொட்டுக்கொண்டு தனியாகச் செய்கிறேன்.

அவனைக் கூப்பிட்டுப் பேசு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு மட்டும் பதில் வந்தது. "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு பேசுறது? வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேன் அவன. நீங்க சொன்னத நம்பி, என் தம்பிய." போனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கோபமாக இருந்தபோது அவள் உன்னைப் பற்றிப் பேசவாவது செய்தாள். இப்போது உன் பெயரே வீட்டில் இல்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பார், அங்கேயும் என் கணக்கு தப்பு.

இனி கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போன் பண்ணு. நான் சத்தமாக வைத்துவிட்டு சக்கரத்தோடு நிற்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். இருபது எண்ணிவிட்டு வைத்துவிடு. அவள் சமையலறையில்தான் இருப்பாள், அவள் காதில் விழும். உன் குரலைக் கேட்டால் வெளியே வருவாள் என்று நினைக்கிறேன்.

அத்தான்


ஏப்ரல் 20

அத்தானுக்கு,

நேற்று நடந்ததை நீங்களும் கேட்டீர்கள். என் பக்கம் எப்படி இருந்தது என்று எழுதிவிடுகிறேன், அதோடு முடித்துக்கொள்ளலாம்.

நானும் கையில் கனத்தோடுதான் நின்றேன். நீங்கள் அங்கே, நான் இங்கே. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு ஆணி ஓட்டையைப் பார்த்துக்கொண்டேன். கிடங்கில் வராத குரல் உங்களுக்காக வந்தது. ஒன்று, இரண்டு. உங்கள் கால் தரையில் படும் சத்தம் கேட்டது. எண் சொன்ன பிறகு கால், பழைய மாதிரியே. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு சொன்னபோது குழாய் நின்றது. அக்கா வந்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் ஈரக் கையோடு சமையலறை வாசற்படியில் நிற்பது எனக்குக் கண்ணால் பார்த்தது போல இருந்தது. ஏழு. எட்டு. ஒன்பது.

அதற்கு மேல் வரவில்லை அத்தான். வேண்டுமென்று நிறுத்தவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் பத்தை எனக்குள்ளே எல்லா இடத்திலும் தேடினேன், இல்லை. அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். குரல் ஒன்றுதானே, அவள் சொன்னாலும் போதும் என்று நினைத்தேன். அவள் மூச்சுவிடுவது கேட்டது. "டேய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பேன்.

அப்புறம் குழாய் மறுபடி திறந்தது.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒரு வார்த்தை அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. உங்கள் மேல் இருந்த கோபம்கூட நேற்றோடு தீர்ந்துவிட்டது, அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. நாடாச் சுருள்களைக் கிடங்கிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

நான் போனை வைக்கும்வரை உங்கள் கால் தரையில் படும் சத்தம் கேட்கவில்லை. தூக்கியபடியே நின்றிருக்கிறீர்கள். இடது காலில் பத்து விநாடிக்கு மேலேயே நின்றீர்கள், கம்பெனி டாக்டர்தான் பார்க்காமல் போய்விட்டார். இனி நான் எண்ணப் போவதில்லை.

காலைக் கீழே வையுங்கள், அத்தான்.

மச்சான்